அரிதாளை ஏலம் விட வேண்டாம்: ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேலூர் பக்கம் ஒருபோக நஞ்சை வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், ஏலக் கணக்குப் பார்க்கும் அண்ணன்மாருக்கும் வணக்கம்.

தை பிறந்தால் அறுப்பு. அறுப்பு முடிந்ததும் ஊர்கூடும் மந்தைத் திடலில் உட்கார்ந்து, கண்மாய் மீனை ஏலம் விடுவது போலவே, அறுத்த வயலில் மிஞ்சும் அரிதாளில் ஆடு மேய்ப்பதையும் ஏலம் விடுவீர்கள். இந்த வருஷம் அதை மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. ராமநாதபுரம் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு, மேய்ப்பர்களுக்குத் தலைவரான கீதாரி வருவார். எருவுக்காக யார் வயலில் எத்தனை ராத்திரி ஆட்டை அடைத்துக் கிடை போடுவது என்று பேசுவார். நாம்தான் அவருக்குக் காசு கொடுப்போம். என் அப்பா காசோடு நெல்லும் அளந்து போடுவார். அப்புறம், ஊர்ப்பொதுவுக்குப் பணம் சேரட்டும் என்று ஏலம் வந்தது. போன வருஷம் ஏலம் எடுத்தவரிடம் ஒரு ஆட்டுக்குட்டிகூடக் கிடையாது. எடுத்த தொகைக்கு மேல் வைத்து, கிடைக்கு இவ்வளவு என்று கீதாரிகளிடம் வசூல் செய்தார். கொடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பகலில் நம் வயலில் மேய்த்தார்கள், ராத்திரி கிடையைக் காசு கொடுக்கிற பக்கத்து ஊரில் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேய்ச்சலுக்கும் காசு வாங்கிக்கொண்டு புழுக்கையும் சும்மா வேண்டுமென்றால் எப்படி?

தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்றால் ஆட்டெருவில் சுமார் 3 சதவீதம் என்று வேளாண்மைக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். அதுபோக மூத்திரம். வண்டியில் கொண்டுவந்து கொட்டும் எருவில் அது வராது, கிடை போட்டால்தான் நேரே மண்ணில் இறங்கும். ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? கிடை விழாத வருஷம் என் 2 ஏக்கருக்கு யூரியா கூடுதலாக ஒரு மூட்டை போனது. ஏலப் பணத்தை ஏக்கருக்குப் பங்கு போட்டுப் பார்த்தேன். டீச்செலவுக்குக் காணும், அவ்வளவுதான். (வைக்கோல் கட்டும் மெஷின் வந்தபிறகு வயலில் மிஞ்சுவதே அடித்தாள்தான். அதற்கும் ஏலமா?)

பெரியாற்றுக் கால்வாயில் கள்ளந்திரிக்குக் கீழே மேலூர் வரை ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர். பெரியாற்றுத் தண்ணீர் அடுத்து எப்போது திறப்பார்களோ, அதுவரை மாசியிலிருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் பெரும்பகுதி தரிசாகத்தான் கிடக்கிறது. அந்தப் பக்கம் மேய்க்கிறவர்களுக்கோ இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை 2021இல் புலிகள் காப்பகமானது. 2022இல் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் எதிலும் மேய்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு சரியா தவறா என்று நான் பேச வரவில்லை. மலை ஏறி மேய்ந்த புளியகுளம் என்ற நாட்டு மாட்டுக்கிடைகளும் இனிக் கீழேதான் இடம் தேடும். ஜல்லிக்கட்டுக் காளை என்று நாம் பெருமை பேசுவது அந்தக் கிடைகளில் பிறந்த மாடுகளைத்தான்.

ஏலத்துக்குப் பதிலாக மார்கழியிலேயே கீதாரிகளை நேரில் கூப்பிட்டுப் பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். எழுதிக் கொடுத்தால் குத்தகைப் பாத்தியம் வந்துவிடும் என்று சிலர் பயப்படுகிறீர்கள். 1955ஆம் வருஷக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுது பயிரிடும் குத்தகைதாரரைப் பற்றியது; ரெண்டு மாசம் மேய்த்துவிட்டுப் போகிறவர் நம் வயலில் எதையும் பயிரிடுவதில்லை. எந்தத் தேதியில் வருவார், எந்தத் தேதியில் கிளம்புவார் என்பது அந்தத் தாளில் இருந்தால் போதும்.

சண்டை வருவதெல்லாம் உளுந்து வயலில் ஆடு இறங்கினால்தான். உளுந்து விதைத்தவர்கள் வரப்பில் ஒரு கம்பு நட்டுத் துணி கட்டிவிடுங்கள், அதைத் தாண்டி மேய்ந்தால் கீதாரி பொறுப்பு. பயிருக்குப் பூச்சிமருந்து அடித்தவர்கள் அடித்த நாளைச் சொல்லியாக வேண்டும். அதை மறைத்து ஆடு செத்தால் நாம் பொறுப்பு. மேட்டுப் புஞ்சையில் சோளக்கட்டை துளிர்த்திருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ந்த காலத்தில் வரும் அந்தத் துளிரில் விஷம் உண்டு, வயிறு நிறைய மேய்ந்த ஆடு வீடு வந்து சேராது. கீதாரிக்கு இது தெரியும், ஆனால் எந்தப் புஞ்சையில் சோளம் போட்டோம் என்று நமக்குத்தானே தெரியும்.

ஊர்ப்பொதுவுக்குப் பணம் வேண்டுமென்றால் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரி போடுங்கள், முதல் ஆளாக நான் கொடுக்கிறேன்.

போன வாரம் பழைய கீதாரி போன் செய்தார். “மாமா, இந்த வருஷம் நம்ம ஊருக்கு வரலாமா?” என்றார். மந்தைக் கூட்டம் முடியட்டும், சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
கீழமடை வயல்காரன் ஒருவன்