வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பொங்கல் விருந்தும் தீபாவளி ஒன்றுகூடலும் வழக்கம்போல் நல்லபடி முடிந்தன.

மரபுடைமை நடையைப் பற்றி, அதாவது பழைய கட்டடத்தை நடந்து சுற்றிக்காட்டி அதன் கதை சொல்லும் நிகழ்ச்சியைப் பற்றி, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் குவீன்ஸ்டவுன் நூலகக் கட்டடத்தின் கதையைத் தமிழில் சொல்லலாம் என்று நான் கேட்டபோது, செயற்குழு மூன்று முறை தள்ளிப்போட்டது. “தினமும் போகிற நூலகத்தை யார் சுற்றிப் பார்ப்பார்கள்?” என்றார்கள். தினமும் போகிறோம் என்பதால்தான் கேட்டேன். 1970 ஏப்ரல் 30 அன்று பிரதமர் லீ குவான் இயூ திறந்துவைத்த இதுதான் சிங்கப்பூரின் முதல் முழுநேரக் கிளை நூலகம். தோ பாயோ கிளை வந்தது 1974-இல்தான். பக்கத்தில் இருந்த திரையரங்கும் பௌலிங் கூடமும் இடிபட்டுப் போயின. நூலகம் மட்டும், பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று 2013-இல் அறிவிக்கப்பட்டதால் தப்பி நிற்கிறது.

முகப்பில் வரிசையாக இருக்கும் கான்கிரீட் வேலைப்பாடு, கழுத்தில் கட்டும் ‘போ டை’ வடிவம். நடையன்று நம் மூத்த உறுப்பினர் அம்மா ஒருவர் மார்கரெட் டிரைவ் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தார். “கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இங்கே வர்றேன், இன்னிக்குத்தான் கண்ணுல படுது” என்றார். அப்புறம், 1978-இல் குளிர்சாதனம் வருமுன் வியர்வை சொட்டப் புத்தகம் தேடியதை அவரே பிள்ளைகளுக்குச் சொன்னார். நான் எழுதிப்போன குறிப்பைவிட அதைத்தான் அவர்கள் கவனமாகக் கேட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதாகச் சொன்னவர்கள் 23 பேர். வந்தவர்கள் 11 பேர். அதில் நம் உறுப்பினர்கள் நால்வர்தான். மற்றவர்கள் அக்கம்பக்கத்து புளோக்வாசிகள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஆண்டுச் சந்தா பாதிப் பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. துண்டறிக்கை அச்சிட இருவர் கைக்காசு போட்டோம். மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாகவே நிற்கின்றன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது.

நூலக ஊழியர்களுக்கும், கூட்டந்தோறும் தேநீர் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் தொடர முடியுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நடை மட்டும் நின்றுபோக மனமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலையில் ஒரு மணி நேரம் போதும். குறிப்பேடு முழுதாகத் தயார். கூட வந்து கற்றுக்கொண்டு பிறகு தனியாக நடத்தக்கூடிய ஒருவர் கிடைத்தால், இன்றைக்கே ஒப்படைக்கிறேன்.

செயலாளர்