ஆணி அடிக்கிற படம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ரயில் படம் கிடைத்தது. 1885 நவம்பர் 7, கனடாவின் கிரேகெலாக்கியில் தாடிக்காரப் பெரியவர் ஒருவர் ரயில் பாதையின் கடைசி ஆணி அடிக்கிறார். சுற்றி நிற்கிற முகங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு சீனர்கூட இல்லை, தாயி. அந்தப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து மலையில் பாறை உடைத்துப் பாதை போட வந்தவர்கள் சுமார் 15,000 சீனர்கள்.

இரண்டு வாரமாக அதைத்தான் வாசிக்கிறேன். ஃப்ரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரருக்கு ஒரு முகாம், சீனருக்குத் தள்ளி வேறு முகாம். 30 பேர் ஒரு கூட்டம்; சமைக்க ஒருவர், கணக்கெழுத ஒருவர். பாதை நகர நகர, கூடாரத்தைப் பிரித்துச் சாமானோடு தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அரிசிச் சோறும் சால்மன் கருவாடும்தான் சாப்பாடு, காய் கீரை கிடையாது. ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல் ஆடிச் செத்தவர்கள் பலர். பாறை வெடியில் போனவர்கள் வேறு. குறைந்தது 600 பேர் என்கிறார்கள்.

கூலி நாளைக்கு 1 டாலர். வெள்ளைக்காரருக்கு ஒன்றரையிலிருந்து இரண்டரை வரை. அந்த 1 டாலரும் கம்பெனிக் கடையில் சாமான் வாங்கினால்தான். வெளியே வாங்கினால் 80 சதம். வெளியே மலிவாகக் கிடைத்தாலும் அந்த மிச்சம் அவன் கைக்கு வராது. இதை வாசித்ததும் உன் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. சம்பள நாளில் தோட்டத்து அரிசிக்குக் கழித்தது போக மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு வருவா. லயத்து ஸ்தோப்பில், அதான் தோட்டத்து வீட்டு வரிசைத் திண்ணையில், உட்கார்ந்து திரும்பத் திரும்ப எண்ணுவா. எத்தனை தடவை எண்ணினாலும் அதே காசுதான்.

பாதை முடிந்த அதே 1885இல், இனி வருகிற சீனருக்கு 50 டாலர் தலைவரி போட்டார்கள். 1903இல் அது 500 ஆனது. 1923இல் கதவையே சாத்திவிட்டார்கள். உழைப்பை வாங்கிக்கொண்டு 'நீ யார்' என்று கேட்பது எப்படி இருக்கும் என்று 1948இல் இலங்கையில் குடியுரிமை பறிபோன தோட்டத் தமிழரான நமக்குத் தெரியும். கனடா 2006இல் மன்னிப்புக் கேட்டது.

சரி, ஒன்று செய். விக்டோரியா பக்கம் போனால் ஹார்லிங் முனையில், கடலோரமாகப் பழைய சீன மயானம் இருக்கிறது. இறந்தவரின் எலும்பைச் சில வருஷம் கழித்துத் தோண்டி, கழுவி, கப்பலில் ஊருக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். 1937இல் சீனாவில் போர் மூண்டதும் அது நின்றுபோனது. அனுப்பக் காத்திருந்த எலும்புகளை 1961இல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. கொஞ்சம் பூ எடுத்துக்கொள். கடல் காற்று குளிரும், அவனுக்குத் தொப்பி போட்டுவிடு.

அன்புடன்,
அப்பா