அமைச்சரவை எண்ணிக்கையில் உள்ள ஓட்டையை அடைத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு அடிக்கடி எழுகிறது. அதில், எத்தனை அமைச்சர்கள் இருக்கலாம் என்று சொல்லும் 46ஆம் உறுப்புரையை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை. பிரதேச செயலகமொன்றின் கணக்குக் கிளையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2015இல் வந்த 19ஆவது திருத்தம் அமைச்சரவைக்கு 30 பேர், அதற்கு வெளியே இராஜாங்க, பிரதி அமைச்சர்களுக்கு 40 பேர் என எல்லை போட்டது. மஹிந்த ராஜபக்ஷ காலத்தில் எல்லாருமாகச் சேர்ந்து நூறைத் தாண்டியிருந்த அமைச்சர் கூட்டத்தைப் பார்த்துச் சலித்துப்போன மக்கள் கேட்டது இதைத்தான். ஆனால் அதே உறுப்புரையில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. கூடிய ஆசனம் பெற்ற கட்சி பிற கட்சிகளோடு சேர்ந்து ‘தேசிய அரசாங்கம்’ அமைத்தால், எத்தனை அமைச்சர்கள் என்பதைப் பாராளுமன்றமே தீர்மானித்துக்கொள்ளலாம். திருத்தம் வந்த அதே ஆண்டு செப்டெம்பரில் அமைச்சர்கள் 48 ஆகவும் மற்றவர்கள் 45 ஆகவும் கூட்டப்பட்டார்கள். 2019 பெப்ரவரியில் வேறொரு கட்சியின் ஒரேயொரு உறுப்பினரைக் காட்டி இன்னொரு ‘தேசிய அரசாங்கம்’ அமைக்கவும் பார்த்தார்கள். நல்லவேளை, அது நிறைவேறவில்லை.

ஆட்களைக் கூட்டினால் அவர்களுக்கு அமைச்சும் வேண்டுமே! துறைகளைப் பிய்த்துப் பங்கிட்டதில்தான், தொடர்பே இல்லாத உயர்கல்வியும் நெடுஞ்சாலைகளும் ஒரே அமைச்சரிடம் போயின. 2020இல் வேறொரு கூத்து. பிரம்பு, பித்தளை, மட்பாண்டம், மரத் தளபாடத்துக்கென்று ஓர் இராஜாங்க அமைச்சு. பத்திக், கைத்தறிக்கு இன்னொன்று.

இதெல்லாம் கொழும்பில் நடக்கிற விடயம்தானே என்று விட்டுவிட முடியாது. வர்த்தமானியில் ஒரு திணைக்களம் அமைச்சு மாறினால், எங்கள் கந்தோரில் கடிதத் தலைப்பும் இறப்பர் முத்திரையும் மட்டும் மாறுவதில்லை, எந்தக் கணக்கிலிருந்து காசு எடுப்பது என்பதைக் காட்டும் செலவினத் தலைப்பின் இலக்கமும் மாறும். ஒருமுறை பனையோலைப் பெட்டி பின்னும் பெண்களுக்கு ஒரு சுயதொழில் உதவித்தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. நாங்கள் அனுப்பிய வவுச்சர்கள் அத்தனையும் திரும்பி வந்தன. மேல் மூலையில் பென்சிலால், ‘தலைப்பு மாறியுள்ளது, மீள அனுப்பவும்’ என்று எழுதியிருந்தது. புது இலக்கம் கேட்டுக் கடிதம் போட்டோம். பழைய அமைச்சு புதியதைக் கேட்கச் சொன்னது. புதியதில் கணக்காளரே இன்னும் வரவில்லை. டிசம்பர் 31 தாண்டியதும், செலவழியாத காசு திறைசேரிக்குத் திரும்பிவிட்டது. “ஐயா, எங்கட காசு என்ன மாதிரி?” என்று கேட்டு வந்த பெண்களுக்கு என்ன சொல்வது?

பெரிய அமைச்சரவை இருந்தால்தான் சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்கும் என்று சிலர் சொல்வார்கள். 1947இல் டி. எஸ். சேனநாயக்கவின் முதல் அமைச்சரவை வெறும் 14 பேர்தான். அதில் மன்னாரிலிருந்து சி. சிற்றம்பலமும் எங்கள் வவுனியாவிலிருந்து சி. சுந்தரலிங்கமும் இருந்தார்கள். இருவருமே சுயேச்சையாக வென்றவர்கள். மலையக மக்களின் பிரஜாவுரிமைப் பிரச்சினையில் சுந்தரலிங்கம் பதவியை விட்டு விலகியது வேறு கதை.

இப்போதைய அரசாங்கம் 2024 செப்டெம்பரில் மூன்று பேரோடு நாட்டை நடத்தியது. நவம்பர் 18இல் ஜனாதிபதியைத் தவிர 21 பேரை நியமித்தது. சிக்கனத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த 21 பேரில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. தமிழர்கள் இருவரில் இராமலிங்கம் சந்திரசேகர் தேசியப் பட்டியலில் வந்தவர், சரோஜா சாவித்திரி போல்ராஜ் மாத்தறையில் வென்றவர். யாழ்ப்பாணத்தில் மூன்று, வன்னியில் இரண்டு ஆசனங்கள் கொடுத்த வடக்கிலிருந்து நேரடியாகத் தெரிவான ஒருவருக்குக்கூட அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை. கிழக்குக்கும் அதே நிலைதான். 14 பேருக்குள் முடிந்தது 21 பேருக்குள் முடியாதா?

ஆளுந்தரப்பிடம் மூன்றில் இரண்டுக்கும் மேல் பலம் இருக்கிறது. ‘தேசிய அரசாங்கம்’ என்ற விதிவிலக்கை இப்போதே நீக்கட்டும். அமைச்சுகள் எவை, எந்தத் திணைக்களம் எதன் கீழ் வரும் என்பதைச் சட்டமாகவே எழுதட்டும். மாற்ற வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் விவாதித்து, நிதியாண்டு தொடங்கும் ஜனவரி முதலாம் திகதியிலிருந்து மாற்றட்டும். வன்னி உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும் சரி, அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திலேயே இதை எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரச லிகிதர்,
வவுனியா