சாவி எங்கே என்று கேட்டவருக்கும், மற்ற எல்லோருக்கும்

சபையாருக்கும், எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், என்னோடு படிப்பவர்களுக்கும் வணக்கம்.

என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதை நான் எழுதும்போது கூடத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். பூனை அவர் காலடியில். நாய் கட்டிலுக்குக் கீழே. நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றி சொல்லும் தெம்பு மட்டும் இருக்கிறது, அதனால் அதை முதலில் செய்துவிடுகிறேன்.

அந்த முதல் இரவில் தொலைபேசியில் பேசிய எல்லோரும், "என்ன உதவி வேண்டும் என்றாலும் சொல்" என்றீர்கள். மனதாரத்தான் சொன்னீர்கள். ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாத நேரம் அது. ஒருவர் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. "வீட்டுச் சாவி எங்கே?" என்றார். சொன்னேன். "பூனைக்கு ஊசி எத்தனை மணிக்கு?" என்றார். அதையும் சொன்னேன். அதற்குமேல் பேசாமல் வைத்துவிட்டார்.

சபைக் கணக்குகளைப் பார்க்கும் ஐயாதான் அவர். பெயரைப் போடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார், போடவில்லை. வரவு செலவில் ஒரு ரூபாய் இடித்தாலும் கூட்டத்தை முடிக்க விடாதவர். எங்கள் பூனைக்குச் சர்க்கரை நோய், தினம் இரண்டு வேளை இன்சுலின் போடுகிறோம் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, "பூனைக்கா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டவர். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தை வீட்டில் இவர் நடித்துக்காட்ட, நாங்கள் பலநாள் சிரித்திருக்கிறோம். உதவிக்கு யாரை அழைக்கலாம் என்று நான் பட்டியல் போட்டிருந்தால், அவர் பெயர் அதில் வந்திருக்காது.

பூனைக்கு இன்சுலின் போடுவது விளையாட்டுக் காரியம் இல்லை. பன்னிரண்டு மணி நேர இடைவெளி தவறக்கூடாது. எங்களுக்குக் கொடுத்திருக்கும் மருந்தைக் குலுக்கக்கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்ட வேண்டும். ஒரு மில்லிக்கு 40 அலகு என்று குறியிட்ட ஊசிக்குப் பதில் 100 அலகு ஊசியைக் கையில் எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு மாறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூனை சாப்பிட்டதா என்று பார்க்க வேண்டும். சாப்பிடாத பூனைக்கு வழக்கமான அளவைப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தனையையும் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு நான் அவசர அவசரமாகச் சொன்னேன். ஐயா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்டார். ஒருநாள் காலையில் அழைத்து, "பாதிதான் சாப்பிட்டது. போடவா, கால்நடை மருத்துவரைக் கேட்கவா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. வீட்டை ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று அப்போதுதான் நம்பினேன். அன்று மாலைவரை நான் வீட்டை நினைக்கவே இல்லை.

திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கணக்குப் பேரேடு போலவே கோடு போட்டு, தேதி, நேரம், உணவு, மருந்து, குறிப்பு என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார். குறிப்புகள் எல்லாம் அவர் பாணியில்தான். "பூனை கீறியது. காரணம் தெரியவில்லை." "ஆலய மணிக்கு நாய் ஊளையிட்டது. சுருதி பரவாயில்லை." மாலையில் இவர் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு நேராக, ஒரு நாள்கூட விடாமல், "6.40. நாய் வாசலுக்குப் போனது. திரும்பி வந்தது." அவ்வளவுதான். இவரிடம் அந்தப் பக்கங்களை இன்னும் முழுதாகக் காட்டவில்லை. கொஞ்சம் தேறட்டும்.

அந்தக் கிழட்டு நாய் தனியாக இருந்தால் தட்டில் வாய் வைக்காது. யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். அதை நான் ஐயாவிடம் சொல்ல மறந்தே போனேன், அவரே கண்டுபிடித்திருக்கிறார். உட்கார்ந்தும் இருக்கிறார். நாயிடம் என்ன பேசுவது என்று தெரியாததால், மேசைமேல் கிடந்ததை எடுத்துச் சத்தமாக வாசித்தாராம். கிடந்தது என்னுடைய உளவியல் பாடப் புத்தகம்.

தொலைநிலைக் கல்வியில் நான் படிப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். இந்த ஆண்டுத் தேர்வை எழுதப்போவதில்லை என்று மருத்துவமனையிலேயே முடிவு செய்திருந்தேன். பாடத்தின் பெயரைக் கேட்டாலே அலுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து நான்காவது பாடத்தைச் சும்மா புரட்டியபோது, ஓரங்களில் எல்லாம் பென்சிலால், அழித்தால் போய்விடும்படி மெல்லிசாக, ஐயாவின் கேள்விகள் இருந்தன. அது ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் ஆக்கநிலையிறுத்தப் பாடம்: சோறு வைக்கும் முன் மணியடித்துப் பழக்கினால், நாளடைவில் மணிச் சத்தத்துக்கே நாய்க்கு வாயூறும் என்பது. நினைத்துப் பாருங்கள், ஒரு நாய்க்குப் பாவ்லோவின் நாய்களைப் பற்றி உரக்க வாசித்திருக்கிறார்!

பாவ்லோவ் ஒரு பாதிரியாரின் மகன், இறையியல் பள்ளியில் படித்துவிட்டு அறிவியலுக்குப் போனவர் என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடுகள். பக்கத்தில், "அப்படியா!" சீரணத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றார் என்ற இடத்தில், "நாய்க்கு என்ன கிடைத்தது?" அடுத்த பக்கத்தில் கொஞ்சம் வில்லங்கமான கேள்வி: "ஆலய மணி கேட்டதும் நாம் எழுந்து கிளம்புவதும் இதுதானா? வந்ததும் சொல்லவும்." கடைசியாக, மணியடித்தும் சோறு வராமலே போனால் வாயூறுவது நாளடைவில் குறைந்து நின்றுவிடும் என்ற பத்திக்கு எதிரே: "நம் நாய் 6.40க்குப் போவது குறையவில்லையே?"

நம் நாய் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதேன். பிறகு, பதில் சொல்ல வேண்டுமே என்று பாடத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். இப்போது ஐந்தாவது பாடத்தில் இருக்கிறேன். ஐயா, குறைய நாளாகும் என்பது புத்தகத்தில் இருக்கும் பதில். நின்றுபோன பழக்கம் ஓர் இடைவெளிக்குப் பின் தானாகத் தலைகாட்டுவதும் உண்டு என்று பாவ்லோவே கண்டிருக்கிறார். ஆலய மணிக் கேள்விக்கு மட்டும் போதகர் முன்னிலையில் பதில் சொல்லமாட்டேன், தனியாகக் கேளுங்கள். தேர்வு எழுதுகிறேன். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் படித்துவிட்டால் தேர்வுத் தாள் பெரிய விஷயமாக இருக்காது.

மற்றவர்களைச் சேர்த்துச் சொல்வதற்கு மன்னியுங்கள், நன்றியில் குறைவில்லை. இரவு முறைவைத்து என்னோடு உட்கார்ந்த பெண்கள் ஐக்கியத்து அக்காமார்கள். இவர் இடத்தில் யாரையும் நிறுத்தாமல் பாடிய பாடகர் குழு. ஜெபத்தில் எங்கள் பெயரைத் தவறாமல் சொன்ன ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் (பூனையின் பெயரையும் சேர்த்துக்கொண்டதாகக் கேள்வி). வகுப்புக் குறிப்புகளை அனுப்பிக்கொண்டே இருந்த தோழிகள். இவரை வரவேற்கக் கொண்டுவந்த பூங்கொத்திலிருந்து லில்லிப் பூக்களை வாசலிலேயே உருவி எடுத்துப் போன அக்காவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. லில்லியின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும் என்பதை அந்தக் குழப்பத்தில் நானே மறந்திருந்தேன்.

இனி யார் வீட்டிலாவது இப்படி ஒன்று நேர்ந்தால், என்ன வேண்டும் என்று கேட்டு அவர்களை யோசிக்க வைக்கமாட்டேன். சாவியைத்தான் கேட்கப்போகிறேன். என்னிடம் கொடுக்கத் தயங்காதீர்கள், ஊசியும் போடுவேன்.

பாத்திரங்கள் பற்றி: எங்கள் அடுக்களையில் எங்களுடையது எது, உங்களுடையது எது என்று பிரிக்கமுடியாதபடி கலந்துகிடக்கிறது. வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் எல்லாவற்றையும் ஆலய வளாகத்து மேசையில் பரப்பிவைக்கிறேன், அடையாளம் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். நீல மூடி போட்ட பெரிய டப்பாவின் உரிமையாளர் மட்டும் என்னைத் தனியாகப் பார்க்கவும். மூடியை நாய் கடித்துவிட்டது, புதிதாக வாங்கித் தருகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
நாங்கள் இருவர், நாய், பூனை