தலைமன்னார் கப்பலையும் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது எங்கள் தோட்டக் குடியிருப்பு லைனில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அது யாழ்ப்பாணம் போகிற கப்பல். எங்கள் சனம் இருப்பது இலங்கை மலையகத்தில், அட்டனிலும் தலவாக்கலையிலும் பதுளையிலும். எங்களுக்கு வேண்டியது ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல்.

நாங்கள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர்கள். இலங்கைத் தோட்டங்களில் பிரஜாவுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரை, 1964இல் இரண்டு அரசுகளும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே பிரிவு வந்தது. அத்தான் வீட்டில் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்ததால் அக்கா அங்கேயே நின்றுவிட்டாள். அப்பா, அம்மாவோடு நான் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் நீலகிரிக்கு வந்தேன். இங்கே அரசுத் தேயிலைத் தோட்டம் போட்டதே எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

மாசியில் இங்கேயும் காமன் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றி, ரதி மதன் வேஷம் கட்டி ஆடுகிறோம். அந்தப் பாட்டெல்லாம் அப்பா அங்கே மலையகத்தில், டிக்கோயாவில் படித்தது. அவருடைய தாத்தா துறையூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுபோனது. நடுவில் ஒரு அடி மறந்துபோனால் அக்கா மகனுக்குப் போன் போடுவோம். அவன் அங்கே மதன் வேஷம் கட்டுகிறவன், உடனே பாடிக் காட்டுவான். இத்தனை பாட்டு தெரிந்த பிள்ளையை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

அம்மா இறந்தபோது அக்காவும் போனில்தான் முகம் பார்த்தாள். கொழுந்து பறித்து வாங்கும் சம்பளத்தில் கொழும்பிலிருந்து விமானத்துக்கு எங்கே போவாள்?

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். 1914 முதல் அங்கே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980களில் இலங்கையில் உள்நாட்டுச் சண்டை வந்துதான் நின்றது. சண்டை 2009இல் முடிந்துவிட்டது. தலைமன்னார் ரயில் பாதையையும் 2015இல் திறந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து வரும் பாதை பொல்காவலையில் மலையகப் பாதையோடு சேர்கிறது. அதனால் கொழும்புக்குப் போகாமலே அட்டனுக்குப் போய்விடலாம்.

கப்பல் ஏறி வந்த தலைமுறையில் பலர் போய்விட்டார்கள். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு அரசுகளும் இதைச் சீக்கிரம் செய்ய வேண்டும். கட்டணம் போடும்போது, தோட்டக் கூலியில் மிச்சம் பிடித்து ஏறப்போகிறவர்களையும் கணக்கில் வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்