பின்கட்டைப் பார்க்க முன்பதிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் பதினெட்டு வருஷமாக நிப்பட்டு (தட்டை மாதிரி மொறுமொறு பலகாரம்) தட்டி விற்கிறவள் நான். எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் 52 அடிக்கு இன்று எத்தனை அடி, ஒகேனக்கல்லுக்கு எத்தனை ஆயிரம் கனஅடி என்று தினமும் தவறாமல் போடுகிறீர்கள். அதே மாதிரி ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போட வேண்டிய சேதி இன்னொன்று இருக்கிறது: பெரிய இடங்களை உள்ளே போய்ப் பார்க்க எப்போது, எப்படி முன்பதிவு செய்வது என்பது. எனக்கு அது தெரியாமல் போனதால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 மே மாதம் நாங்கள் ஆறு பேர் டெல்லிக்குப் போனோம். நான், வீட்டுக்காரர், மாமியார், எட்டாவது முடித்த மகள், ஐந்து வயதுப் பையன், கல்லூரியில் படிக்கிற நாத்தனார் மகன். எங்கள் மாவட்டத் தலைநகரில் ரயில் நிலையமே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பஸ் பிடித்து பெங்களூரு போய், அங்கிருந்து கர்நாடகா எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி. அப்போதெல்லாம் 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம் என்பதால் ஜனவரியிலேயே எடுத்துவிட்டோம். டிக்கெட் கைக்கு வந்ததும் எல்லா வேலையும் முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. தங்கும் அறைக்கும் வண்டிக்கும் கிருஷ்ணகிரியில் ஒரு டூர்காரரிடம் பணம் கட்டினோம். ராஷ்டிரபதி பவன் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டபோது, "அதுக்கென்னக்கா, அங்க போய் பாத்துக்கலாம்" என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ராஷ்டிரபதி பவனில் அப்படி என்ன பிடிவாதம் என்றால், அது மாமியாருடையது. அவர் பிறந்த ஊர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளிக்குப் பக்கம். 1878-ல் ராஜாஜி பிறந்த அதே தொரப்பள்ளி. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ராஜாஜியைப் பற்றிப் பேசினால் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். 1948-ல் அவர் கவர்னர் ஜெனரலாக அந்த மாளிகைக்குள் போனபோது, வைசிராய்கள் படுத்த பெரிய அறை தனக்கு ஒத்துவராது என்று சொல்லிச் சின்ன அறைக்கு மாறிக்கொண்டார். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு என்று மாளிகை வளாகத்திலேயே ஒரு பகுதியை உழுது கோதுமை விதைத்தார். மாமியாருக்கு அவருடைய அப்பா சொன்ன கதை இது. அவர் வாயால் நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். 340 அறை உள்ள வீட்டில் நம்ம ஊர்க்காரர் எந்த மூலையில் படுத்திருந்தார் என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு ஆசை.

சனிக்கிழமை காலை வாசலுக்குப் போனோம். காவலர் கையை நீட்டினார். கொடுக்க எங்களிடம் ஒன்றுமில்லை. அவர் இந்தியில் பேசியதில் எனக்குப் புரிந்தது "ஆன்லைன், ஆன்லைன்" என்பது மட்டும். நாத்தனார் மகன் அங்கேயே வெயிலில் நின்று செல்போனைத் திறந்து பார்த்தான். அன்றைக்கும் இடமில்லை, மறுநாளும் இல்லை. திங்கட்கிழமை வாரவிடுமுறை. எங்களுக்கு ஞாயிறு ராத்திரி ரயில். பையிலிருந்த நிப்பட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக் காவலரிடம் நீட்டிப் பார்த்தேன். லஞ்சமென்று நினைத்துவிடாதீர்கள், அந்த வெயிலில் நின்ற அந்தக் காவல்காரப் பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். தூரத்தில் தெரிந்த குவிமாடத்தைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். "ராஜாஜி படுத்த ரூமைப் பாக்க வந்தேன், கேட்டைப் பாத்துட்டுப் போறேன்" என்றார் மாமியார். ஊர் வந்து சேரும்வரை அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் தேடி எடுத்தாள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை, அரசு விடுமுறை நாள் தவிர, மாளிகையின் முக்கிய மண்டபங்களை ஆள் கூட வந்து சுற்றிக்காட்டுகிறார்கள். தலைக்கு 50 ரூபாய். எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லை. இணையத்தில் நாளும் நேரமும் குறித்து வைத்திருக்க வேண்டும், அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஆறு பேருக்குச் சேர்த்து முந்நூறு ரூபாய் கூட ஆகியிருக்காது. முந்நூறு ரூபாய்க்கும் கீழான ஒன்றுக்காக இரண்டு ராத்திரிப் பயணம் போய் வாசலோடு திரும்பியிருக்கிறோம்.

முன்பதிவு கேட்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கடையிலும் அதே கதைதான். சேலம் ரோட்டில் போகிற கார்க்காரர்கள் நிறுத்தி, "அக்கா, எப்படிப் போடறீங்கன்னு உள்ள வந்து பாக்கலாமா" என்று கேட்பார்கள். ஆசையாகத்தான் இருக்கும். அரிசி மாவில் வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் கறிவேப்பிலையும் எள்ளும் போட்டுப் பிசைந்து, உருண்டையை விரல் நுனியால் சுற்றிச் சுற்றித் தட்டி, ஓரம் வெடிக்காமல் எண்ணெயில் நழுவவிடுவதை நின்று பார்த்தவர்கள் அரைக் கிலோ வாங்க வந்த இடத்தில் இரண்டு கிலோ வாங்கிப் போவார்கள். ஆனால் காலை பத்து மணிக்கு எட்டுப் பேர் திமுதிமுவென்று உள்ளே வந்தால் என் பாடு என்ன ஆவது? பக்கத்தில் எண்ணெய் கொதிக்கிறது. அதனால் மூன்று மணிக்கு மேல் வாருங்கள், நாலு பேராக வாருங்கள் என்பேன். பின்கட்டைத் திறந்து காட்டுகிற எவருக்கும் இந்தக் கணக்கு இருக்கத்தான் செய்யும். அந்தக் கணக்கு வெளியூர்க்காரனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பதுதான் என் வழக்கு. நான் போர்டில் எழுதி மாட்டியிருக்கிறேன். டெல்லியிலும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் இணையத்தில். அங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் அது போர்டு.

பட்டபிறகு புத்தி வந்தது. கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான பெங்களூரு விதான சவுதாவை 2025 ஜூன் முதல் பொதுமக்களுக்குச் சுற்றிக்காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கர்நாடகச் சுற்றுலாக் கழகத்தின் தளத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மகள் பதிவு செய்துவிட்டாள். அதுவும் பெரியவர்களுக்கு 50 ரூபாய்தான். ஞாயிற்றுக்கிழமைகளிலும், இரண்டாவது நான்காவது சனிக்கிழமைகளிலும் மட்டும். நமக்கு இரண்டு மணி நேர பஸ் பயணம். எத்தனை தடவை அந்தக் கட்டடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்போம்!

வீட்டுக்காரருக்குக் கிரானைட் பட்டறையில் பாலிஷ் வேலை. முகப்பில் 40 அடி உயரத்தில் பன்னிரண்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஒரு தூணைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். மெஷின் இல்லாத காலத்து வேலை இது, உளியின் தடம் கைக்குத் தெரிகிறது என்றார். இதைக் கட்டிய ஐயாயிரம் பேரில் பெரும்பாலானவர்கள் கைதிகள், கட்டி முடித்ததும் அவர்களை விடுதலை செய்தார்கள் என்று சொல்லக் கேட்டபோது அவர் கையை எடுத்துக்கொண்டார். ஏனென்று நான் கேட்கவில்லை. மாமியாருக்கோ கன்னடம் தண்ணீர்பட்ட பாடு. கட்டடத்தின் நெற்றியில் "அரசாங்க வேலை ஆண்டவன் வேலை" என்ற பொருளில் பொறித்திருப்பதைப் பேத்தி கேட்டுச் சொன்னதும், "நம்மள லீவு நாள்லதான உள்ள விடறாங்க, அப்ப சாமிக்கும் லீவா?" என்று கன்னடத்திலேயே கேட்டார். கூட வந்த பெங்களூருக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு டெல்லி ரயிலில் பேசாமல் வந்தவர் இவர்தான்.

ஆக, என் கோரிக்கை இதுதான். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவினால் மறுநாள் முதல் பக்கத்தில் பெரிய படம் போடுகிறீர்கள். அதை நேரில் உட்கார்ந்து பார்க்க 2019-லிருந்து தனிப் பார்வையாளர் மாடமே இருக்கிறது, காசு கிடையாது, முன்பதிவு மட்டும் வேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பறந்த மறுநாள் படம் போடுவதோடு, பதிவு திறக்கிற நாளில் இரண்டு வரி போடுங்கள். ராஷ்டிரபதி பவனின் அம்ரித் உத்யான் தோட்டம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் திறக்கிறது. டிசம்பரிலேயே நினைவூட்டுங்கள். பாராளுமன்றக் கூட்டத்தைப் பார்க்க எம்.பி.யின் பரிந்துரை வேண்டும் என்பதையும், அதற்கு ஊரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாளாகச் சுருங்கிவிட்டது. டிக்கெட் எடுத்த அன்றே மற்றதையும் பார்த்துவிட்டால்தான் உண்டு. ஆதாரில் உள்ளபடியே பெயரை எழுத வேண்டும், வயதானவர்களின் அசல் அட்டையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிடக் கூடாது, பல இடங்கள் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பது போன்ற சில்லறை விஷயங்களையும் அந்தக் கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தங்கம் விலைக்குப் பக்கத்தில் நாலு விரற்கடை இடம் போதும்.

வருகிற பிப்ரவரிக்கு மறுபடியும் டெல்லி போவதாக இருக்கிறோம். இந்தத் தடவை டூர்காரர் இல்லை, மகள்தான். ஒரே ஒரு சங்கடம். குடியரசுத் தலைவர் குடியிருக்கிற பகுதியைப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை. ராஜாஜி தேர்ந்தெடுத்த சின்ன அறைகளின் பக்கம்தான் அவருக்குப் பின் வந்தவர்களும் குடியிருக்கிறார்கள். இதை மாமியாரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. காலையில் உங்கள் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் பிரிப்பவர் அவர். இந்தக் கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால், ரயில் டிக்கெட் எடுத்து முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.