22 கிணற்றுத் தண்ணீர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். இந்நேரம் சுவரை விட்டிருப்பாள். முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பதை மட்டும் நிறுத்தாதே. கடைசி வரியில், "ராமேஸ்வரம் போனாயாமே, நிம்மதி கிடைத்ததாடி?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரே வரியில் பதில் எழுத வரவில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

அம்மாவின் வருஷத் திதி முடிந்ததும் போய் வரலாம் என்று சொன்னது தம்பிதான். 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் போகிறது. நாம் கல்லூரிச் சுற்றுலா போனபோது கடந்தது 1914-இல் திறந்த பழைய பாலம். கப்பல் வந்தால் நடுவில் இரண்டு கையாகப் பிரிந்து எழும்பும், ஞாபகமிருக்கிறதா? இப்போது நடுத்துண்டு மொத்தமும் லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகுமாம். வண்டி பாலத்தில் ஏறியதும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

அக்னி தீர்த்தத்துக்குப் பெயரில்தான் நெருப்பு. கடல் குளம் போலக் கிடக்கிறது. வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே அலையடிப்பது ஆண் கடல் என்று அங்கே சொல்கிறார்கள். (பெண் என்றால் அமைதி என்று யார் முடிவு செய்தார்களோ!) தம்பி தர்ப்பணம் செய்ய, நான் ஈரப் புடவையோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். பாதியிலேயே தட்சிணைப் பேரம் ஆரம்பித்துவிட்டது. தம்பி முகம் சிவந்து போனது. வந்ததே வீண் என்று அப்போது நினைத்தேன்.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். அம்மா படுக்கையில் இருந்த மூன்று வருஷமும் நான்தான் பார்த்துக்கொண்டேன், ஊரே மெச்சியது, நீயும் மெச்சினாய். ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு நான்காவது தடவையாகத் தண்ணீர் கேட்டாள். "எத்தனை தடவைதான் எழுந்திருப்பது? நானும் மனுஷிதானே" என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான்கு மாதம் இருந்தாள். ராத்திரியில் மட்டும் தண்ணீரே கேட்கவில்லை.

சரி, கோயிலுக்கு வருகிறேன். கடலில் முழுகிவிட்டு உள்ளே 22 தீர்த்தம் ஆட வேண்டும். பெரும்பாலும் கிணறுகள். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்து சாவித்திரி, காயத்ரி, சரஸ்வதி என்று வரிசையாகப் போய்க் கோடி தீர்த்தத்தில் முடிகிறது. கிணற்று விளிம்பில் ஏறி நின்று ஒருவர் சின்ன வாளியைக் கயிற்றில் விடுவார். இழுத்த வேகத்தில் நம் தலையில் ஊற்றுவார். யார், எந்த ஊர், என்ன பாவம் என்ற கேள்வியே கிடையாது. அடுத்த ஆள், அடுத்த வாளி.

தரை வழுக்கியது. எனக்கு முன்னால் வடக்கத்திப் பாட்டி ஒருத்தி, இடுப்பில் மூடி போட்ட கங்கைச் சொம்பு. இங்கிருந்து மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்க் கரைத்து, கங்கை நீரை இங்கே கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது பழைய வழக்கமில்லையா, அந்தக் கணக்கு. அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஏழாவது கிணறுவாக்கில் என் கையைப் பிடித்தவள் கடைசி வரை விடவில்லை.

நளன், நீலன் பெயரிலுள்ள தீர்த்தங்கள் வரைக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது. எந்தக் கிணறு என்று நினைவில்லை, வாளி பிடித்தவரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து எத்தனை நூறு பேருக்கு இறைத்திருப்பார்! இனிமேல் எத்தனை பேரோ! முகம் சுளிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. தண்ணீர் தலையில் விழுந்தபோது அழுதேன். எல்லார் முகமும் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். பாட்டிக்குத் தெரிந்திருக்கிறது, கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

உடை மாற்றிக்கொண்டு சந்நிதிக்குப் போனபோது கூட்டம் தள்ளியதில் இரண்டு விநாடிதான் தரிசனம். மறுநாள் ஐந்து மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனமும் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்வானேன், எனக்கு அங்கே எதுவும் தோன்றவில்லை. மூன்றாம் பிராகாரம் மட்டும் பிடித்திருந்தது. தூண்கள் 1,212 என்கிறார்கள். நடக்க நடக்க முடிவே தெரியாது. ராவணனைக் கொன்ற தோஷம் தீர ராமன் பூஜித்த இடம் என்கிறது தலபுராணம். நியாயம் தன் பக்கம் இருந்தவனுக்கே உறுத்தியிருக்கிறது, பார்! சீதை பிடித்த மணல் லிங்கம் முந்திக்கொண்டதில் அனுமனுக்குக் கோபம். அதைச் சமாதானப்படுத்தத்தான் அவர் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கு முதல் பூஜையாம். மனத்தாங்கலுக்கெல்லாம் வழி வைத்திருக்கிற கோயில்.

தம்பி ஊருக்குக் கிளம்ப, நான் ஒரு நாள் தங்கி தனுஷ்கோடி போனேன். 1964 டிசம்பர் புயலில் ஊரோடு ரயிலையும் பயணிகளையும் கடல் கொண்டுபோன இடம். இடிந்த தேவாலயச் சுவர் பக்கம் ஃபோட்டோ எடுக்கக் கூட்டம். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு மீனவப் பெண் மணலில் தோண்டிய ஊற்றில் கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் உப்புக் கடல், சில அடி ஆழத்தில் நல்ல தண்ணீர்! "குடிக்கிறியாக்கா?" என்றாள். இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். மூன்றாவது தடவை அவளாகவே நீட்டினாள்.

நிம்மதியா என்றால், தெரியவில்லை. அன்று ராத்திரி நான் கத்திய சொல் இன்னும் அப்படியே இருக்கிறது, அம்மா இல்லை. ஆனால் ஒரு வருஷமாக ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். இப்போதும் விழிப்பு வருகிறது. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிப்போகிறேன்.

கோடி தீர்த்தம் ஒரு பாட்டில் உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன். தபாலில் அனுப்ப மாட்டேன், நீயே வந்து வாங்கிக்கொள். பேத்தியையும் கூட்டி வா.

அன்புடன்,
உன் தோழி